வலி போய்விட்டது, எலும்பு ஒட்டிவிட்டதா? சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டோடு முதல் ஓராண்டு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகும்போது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களுக்கு வைத்திருப்பது சிமெண்ட் போட்ட மூட்டா, போடாத மூட்டா?" பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைகள் டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்து வந்து நீட்டுவார்கள். அதில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களைப் படித்துத்தான் விடையைக் கண்டுபிடிப்பேன்.

நான் இயன்முறை மருத்துவர். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 19 ஆண்டுகளாக வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இந்தக் கேள்வியில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: சிமெண்ட் போட்ட மூட்டு அறுவை மேசையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். சிமெண்ட் போடாத மூட்டை அங்கே எதுவும் ஒட்டுவதில்லை. தொடை எலும்பின் உள்ளே தண்டையும் இடுப்பெலும்பின் குழியில் கிண்ணத்தையும் ஆப்பு அடிப்பதுபோல இறுக்கி அடித்து வைக்கிறார்கள். ஒட்டும் வேலை அதன் பிறகு, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்கும்போது, மாதக்கணக்கில் நடக்கிறது. அந்த வேலைக்கு எது உதவும், எது கெடுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அறுவை மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதே சரி. உங்கள் எலும்பை நேரில் பார்த்தவர் அவர்.

என் அப்பா மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுபவர். மென்தண்டு ஒட்டு என்பார்கள். நாற்றின் இளந்தண்டை வெட்டி நடுவில் பிளந்து, நல்ல மரத்துக் குச்சியின் அடியை ஆப்பு வடிவத்தில் சீவி அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். ஆப்பும் பிளவும் இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும், கட்டு அசையக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் குச்சியில் துளிர் விடும். நான் சிறுமியாக இருந்தபோது துளிரைக் கண்டதும் ஓடிப்போய்ச் சொல்வேன். "அது குச்சியில் இருந்த சாற்றிலேயே விட்ட துளிர். கீழே இன்னும் ஒட்டவில்லை. தொடாதே" என்பார். இடுப்பு மூட்டு நோயாளிகளுக்கு மூன்றாவது வாரத்தில் முகம் தெளிந்து, "வலியே இல்லை அம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தத் துளிர்தான் நினைவுக்கு வருகிறது. வலி குறைந்தது, தேய்ந்துபோன பழைய மூட்டை எடுத்ததாலும் தசைக் காயம் ஆறியதாலும். எலும்பு ஒட்டியதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

உலோகத்தின் மேல் பூசும் பூச்சு என்ன செய்கிறது?

தண்டு பெரும்பாலும் டைட்டானியக் கலவை உலோகம். டைட்டானியத்தோடு எலும்பு தானாகவே சேர்ந்துகொள்ளும் என்பது தற்செயலாகத் தெரிய வந்தது. 1952இல் சுவீடனில் லுண்ட் நகரத்தில் பெர்-இங்வார் பிரானெமார்க் என்ற ஆய்வாளர், முயல்களின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் அதைக் கழற்றப் பார்த்தால் கழலவில்லை, எலும்பு இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் அது பல்லுக்குப் பயன்பட்டது. 1965இல் கோத்தன்பர்க்கில் ஒருவருக்கு டைட்டானிய வேர் வைத்துப் பல் கட்டினார்.

இடுப்புக்கு வரும்போது இன்னொரு யோசனை சேர்ந்தது. நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு வகை உப்பு அது. அதன் நெருங்கிய உறவான ஹைட்ராக்சிஅபடைட் என்ற பொருளைத் தூளாக்கி, பிளாஸ்மா என்னும் மிகமிகச் சூடான வாயுப் பீச்சில் உருக்கி, உலோகத்தின் மேல் தெளித்துப் படியவைத்தார்கள். 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் அப்படிப் பூச்சுப் பூசிய தண்டை முதன்முதலில் மனிதருக்கு வைத்தார். மறு ஆண்டே பிரான்சில் கோரெய்ல் என்ற தண்டு வந்தது. அதன் பூச்சு 155 மைக்ரான் தடிமன். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். ஆக, இரண்டு முடியைச் சேர்த்து வைத்த தடிமனுக்குத்தான் பூச்சு இருக்கிறது.

உடல் இந்தப் பூச்சை அன்னியப் பொருளாக ஒதுக்குவதில்லை. எலும்பைக் கட்டும் செல்கள் அதன்மேல் நேரடியாகக் குடியேறுகின்றன. வெறும் உலோகமாக இருந்தால் புது எலும்பு சுற்றியுள்ள பழைய எலும்பிலிருந்து மட்டும் புறப்பட்டு உலோகத்தை நோக்கி வளர வேண்டும். பூச்சு இருந்தால் இரு கரையிலிருந்தும் பாலம் கட்டுவதுபோல இருபுறமிருந்தும் வளர்கிறது. சிறு இடைவெளிகளையும் அதனால் தாண்ட முடிகிறது. சில கிண்ணங்களிலும் தண்டுகளிலும் பூச்சுக்குப் பதிலாகவோ அதன் அடியிலோ நுண்துளைகள் இருக்கும். 100 முதல் 400 மைக்ரான் வரையான துளைகளுக்குள் எலும்பு வேர்விட்டதுபோல நுழைந்துகொள்ளும்.

சில ஆண்டுகள் போனால் இந்தப் பூச்சையும் உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. இதைக் கேள்விப்பட்டுப் பயந்துபோய் என்னை அழைத்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். பூச்சு கரைந்த இடத்தில் எலும்பு வந்து, அடியிலிருக்கும் சொரசொரப்பான டைட்டானியத்தையே பிடித்துக்கொள்ளும். இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: நன்றாக ஒட்டிய மூட்டிலும் முழுப் பரப்பிலும் எலும்பு ஒட்டுவதில்லை. ஆங்காங்கே திட்டுத்திட்டாக ஒட்டினாலே பல்லாண்டு தாங்கும்.

எவ்வளவு அசையலாம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 1980களிலிருந்து நாய்களில் நடந்த ஆய்வுகள் காட்டியது: உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே 40 மைக்ரானுக்குள் அசைவு இருந்தால் எலும்பு வளர்கிறது. 150 மைக்ரானைத் தாண்டி மீண்டும் மீண்டும் அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்கிறது. நார்த்திசு மெத்தைபோல இருக்கும். அடி வைக்கும்போதெல்லாம் தண்டு அதில் அமுங்கி எழும். 40க்கும் 150க்கும் நடுவே உள்ள தூரம் ஒன்றரைத் தலைமுடி. கண்ணால் பார்க்கவோ உணரவோ முடியாத இந்த அளவைக் காப்பாற்றுவதற்குத்தான் வாக்கர், கைத்தடி, உயரமான நாற்காலி எல்லாம்.

அதற்காகப் படுத்தே கிடக்கக் கூடாது. எலும்பு சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மனியின் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே விளக்கிவிட்டார். சுமையே இல்லாவிட்டால் எலும்பு மெலியும். நேராக, அளவாக, சீராக வரும் சுமை வேண்டும். திருகலும் திடீர் அதிர்ச்சியும் வேண்டாம்.

வாரங்கள், மாதங்கள்

முதல் சில நாட்கள் தண்டைச் சுற்றி உறைந்த இரத்தமும் வீக்கமும் மட்டுமே. அந்த உறைவுதான் வரப்போகும் எலும்புக்கு நாற்றங்கால். அப்போது மூட்டைப் பிடித்திருப்பது ஆப்பு இறுக்கம் ஒன்றே. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, பின்புறத் தசையை இறுக்குவது, மருத்துவர் சொன்ன அளவு காலை ஊன்றி வாக்கரில் நடப்பது ஆகியவை போதும். முழங்காலை மடக்காமல் முழுக் காலையும் படுக்கையிலிருந்து தூக்கும் பயிற்சியை முதல் வாரங்களில் நான் சொல்லித்தருவதில்லை. கால் நீண்ட நெம்புகோல். அதைத் தூக்கும்போது இடுப்பில் விழும் விசை பார்வைக்குத் தெரிவதைவிட அதிகம்.

இரண்டாம், மூன்றாம் வாரத்தில் புது எலும்பு தொடங்குகிறது. அவசரத்தில் வேய்ந்த கூரைபோல ஒழுங்கில்லாத, மென்மையான எலும்பு. அதே நேரம், அழுத்திப் பிடித்திருந்த பழைய எலும்பின் ஓரங்களை, எலும்பைக் கரைக்கும் செல்கள் அரித்துச் செப்பனிடுகின்றன. பழைய பிடி தளர்கிறது, புதிய பிடி இன்னும் இறுகவில்லை. மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலம் இதுதான். ஆனால் நோயாளிக்கு உடம்பு தெம்பாக, வலியில்லாமல், கைத்தடியைத் தூக்கி எறிய வேண்டும்போல இருக்கும் காலமும் இதுவேதான்.

ஆறாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரத்துக்குள் இடைவெளிகள் நிரம்பி, தண்டு உண்மையாகவே நிலைகொள்கிறது. அதற்குப் பிறகு ஓராண்டு, இரண்டாண்டு வரை, அவசரத்தில் கட்டிய எலும்பைப் பிரித்து அடுக்கடுக்கான உறுதியான எலும்பாக உடல் மாற்றிக் கட்டிக்கொண்டே இருக்கும்.

கைத்தடி எந்தக் கையில்?

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நான் போகும் வீடுகளில் அதிகமாகத் திருத்துவது இதைத்தான். வலது இடுப்பில் அறுவை நடந்தவர் வலது கையில் தடியைப் பிடித்துக்கொண்டு என்னை வரவேற்பார். தடி இடது கையில் இருக்க வேண்டும்.

வலது காலில் நிற்கும்போது உடல் இடப்பக்கம் சரியப் பார்க்கும். அது சரியாமல் இருக்க வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை, உடல் எடையைவிட அதிக விசையோடு இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பும் உடல் எடையும் சேர்ந்தே மூட்டின் மேல் விழுகின்றன. பெர்லினில் அளவுகருவி பொருத்திய மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். சாதாரணமாக நடக்கும்போது உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படியில் அதைவிடச் சற்றுக் கூடுதல். கால் தடுக்கி, விழாமல் சமாளித்துக்கொண்டால் எட்டு மடங்கையும் தாண்டியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு தடுக்கலில் அரை டன்னுக்கு நெருங்கிய சுமை.

இடது கையில் தடி இருந்தால், சரியப் பார்க்கும் பக்கத்திலேயே ஒரு முட்டு கிடைக்கிறது. தசை அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை, மூட்டின் சுமை இறங்குகிறது. தடியும் அறுவை செய்த காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். தடியின் உயரம் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அடியில் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்று ரப்பர் மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். நாற்காலியிலிருந்து எழும்போது முதலில் விளிம்புக்கு நகர்ந்து வாருங்கள். அறுவை செய்த காலைச் சற்று முன்னே நீட்டி, இரு கைகளாலும் நாற்காலிக் கையை ஊன்றி எழுங்கள். எழுந்த பின் ஒரு மூச்சு நின்று, பிறகு நடங்கள். யாராவது பின்னால் கூப்பிட்டால் இடுப்பைத் திருகித் திரும்ப வேண்டாம். சிறு அடிகளாக எடுத்து வைத்து முழு உடலோடு திரும்புங்கள். தண்டை அதன் இடத்திலேயே சுழற்றப் பார்க்கும் விசை, தாழ்வான இருக்கையிலிருந்து எழுவதிலும் படி ஏறுவதிலும்தான் கூடுதல்.

தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குந்தி உட்காரும் கழிப்பறையையும் முதல் மாதங்களில் தடுப்பது முக்கியமாக மூட்டு நழுவிவிடும் என்பதற்காக. ஒட்டுதலுக்கும் அதில் சம்பந்தம் உண்டு. ஆழமாகக் குந்தும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடித்து, கடப்பாரை போட்டுக் கிளப்புவதுபோல அதை நெம்பக்கூடும். இன்னும் ஒட்டாத கிண்ணத்துக்கு அது ஆகாது. உயரமான கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள்.

நான் சொல்லத் தவறியது

சில ஆண்டுகளுக்கு முன் 54 வயது விவசாயி ஒருவர். தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று எலும்பு இறந்துபோனதால் மூட்டு மாற்றியிருந்தார்கள். சிமெண்ட் இல்லாத, பூச்சுப் பூசிய தண்டு. அவருடைய தாளில் "தாங்கும் அளவு ஊன்றி நடக்கலாம்" என்று இருந்தது. நானும் அதையே திருப்பிச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை, வலிக்காத வரை எதுவும் செய்யலாம் என்று புரிந்துகொண்டார். ஐந்தாம் வாரம், மாம்பழக் காலம். தோப்பில் ஆள் பற்றாக்குறை. 20 கிலோ மாங்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் இறங்கும்போது கால் சறுக்கியது. விழவில்லை. "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைத்து மேலும் நான்கு பெட்டிகளைச் சுமந்தார்.

இரண்டு நாளில் தொடையின் நடுவே வலி. எக்ஸ்ரேயில் தண்டு 4 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. நல்ல வேளையாக எலும்பு உடையவில்லை. மீண்டும் ஆறு வாரம் இரண்டு ஊன்றுகோல்கள். தண்டு புதிய இடத்திலேயே நிலைகொண்டு ஒட்டிவிட்டது. ஆனால் தொடை வலி முழுதாக விட ஓராண்டுக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து நான் "தாங்கும் அளவு" என்ற சொற்களை விளக்காமல் விடுவதில்லை: உங்கள் சொந்த எடையை, சமதளத்தில், தடியோடு. பெட்டி, குடம், பேரப்பிள்ளை எதையும் பன்னிரண்டு வாரம் வரை, மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, தூக்கக் கூடாது.

எக்ஸ்ரேயைப் பார்க்கும் முறை

அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தைத் தொலைக்காதீர்கள். பின்னால் எடுக்கும் எல்லாப் படங்களும் அதோடு ஒப்பிடத்தான். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தொடை எலும்பின் வெளிப்பக்கம், மேலே, ஒரு முட்டுப்போலப் புடைத்திருக்கும் இடம் இருக்கும். அதன் உச்சியையும் தண்டின் தோள்பட்டையையும் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள உயரம் அடுத்தடுத்த படங்களில் மாறக் கூடாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு, கால் சற்றுத் திரும்பிய நிலையில் படம் எடுத்ததாலும் தெரியலாம். நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒட்டிய எலும்பின் அடையாளத்தைப் பெரும்பாலும் பல மாதங்கள் கழித்தே காணலாம். எலும்பின் உள்சுவரிலிருந்து தண்டை நோக்கி ஒரு சிறு வெண்மேகம் நீண்டு வந்து தொட்டு நிற்கும். அமெரிக்காவில் சார்லஸ் எங் என்ற அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். உலோக வேலைக்காரர்கள் புள்ளிப் பற்றவைப்பு என்று சொல்வதன் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறார்கள். அந்த மேகத்தை நோயாளிக்குக் காட்டும் நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். ஒருமுறை ஓர் அம்மா விரல் நுனியால் படத்தைத் தடவிப் பார்த்து, "இது நான் வளர்த்ததா?" என்று கேட்டார். ஆம், அவர் வளர்த்ததுதான்.

இதற்கு மாறாக, தண்டைச் சுற்றி முழுக்கக் கறுப்புக் கோடு ஓடி, படத்துக்குப் படம் அகலமாகிக்கொண்டே போனால் அது நல்லதல்ல. தண்டின் மேற்பகுதியைச் சுற்றியுள்ள எலும்பு ஓரிரு ஆண்டுகளில் சற்று வெளிறித் தெரிவது வேறு விஷயம். உலோகம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. சுமையைத் தானே கீழே கடத்திவிடுவதால் மேலே உள்ள எலும்புக்கு வேலை குறைந்து மெலிகிறது. நன்றாக ஒட்டிய மூட்டிலும் இதைக் காணலாம்.

உணவு, மருந்து, பழக்கம்

புகையை விட்டுவிடுங்கள். நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இரத்தம் வராத இடத்தில் எலும்பு வராது. சர்க்கரை நோய் இருந்தால் கட்டுக்குள் வையுங்கள். வைட்டமின் டி அளவைப் பரிசோதித்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். வெயில் நிறைந்த நம் ஊரிலும் அது குறைந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் பக்கத்துக் கேழ்வரகுக் களி நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதோடு முட்டை, பருப்பு, மீன் எனப் புரதமும் சேர வேண்டும்.

வலி மாத்திரையில் ஒரு நுணுக்கம் உண்டு. டைக்ளோஃபெனாக், இண்டோமெத்தசின் போன்றவை புது எலும்பு உருவாவதைத் தடுக்கும் தன்மை கொண்டவை. தசைக்குள் வேண்டாத எலும்பு வளராமல் இருக்க மருத்துவரே சில நாட்களுக்கு இண்டோமெத்தசின் எழுதுவது உண்டு. அதை நிறுத்த வேண்டாம். ஆனால் கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம்.

எல்லோருக்கும் சிமெண்ட் இல்லாத மூட்டுதான் உயர்ந்தது என்று நினைத்து, ஏன் அம்மாவுக்கு அதை வைக்கவில்லை என்று வருந்தும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். 75 வயதைத் தாண்டிய, எலும்பு மெலிந்த பெண்களுக்கு ஆப்பு இறுக்கத்தில் எலும்பே வெடிக்கும் ஆபத்து கூடுதல். அவர்களுக்குச் சிமெண்ட் போட்டதுதான் பாதுகாப்பு.

தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை: உட்கார்ந்து எழுந்த முதல் சில அடிகளில் தொடையில் வலித்து, நடக்க நடக்கக் குறையும் வலி மாதங்கள் கடந்தும் தொடர்வது. கால் குட்டையானதுபோலத் தோன்றுவது. ஓய்விலும் இரவிலும் வலி, காய்ச்சல், தையலிலிருந்து கசிவு. சிறுநீர்த் தொற்று, பாதப் புண், சீழ்பிடித்த பல் ஆகியவற்றையும் அலட்சியப்படுத்த வேண்டாம். கிருமி இரத்தத்தின் வழியே மூட்டுக்குப் போய்ச் சேரக்கூடும். கிருமி வந்துவிட்டால் நன்றாக ஒட்டிய மூட்டையும் எடுக்க வேண்டியதாகிவிடலாம்.

கடைசியாக அந்த ஸ்டிக்கர்கள். தண்டு, கிண்ணம், தண்டின் தலையில் வைக்கும் பந்து, கிண்ணத்துக்குள் வைக்கும் உள்ளுறை ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பு எண்ணோடு ஒரு ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் தாளில் இருக்கும். இருபது ஆண்டு கழித்து யாராவது அந்த மூட்டைத் திறக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். இன்றே கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். அசலை முதல் எக்ஸ்ரேயோடு ஒரே உறையில் போட்டு, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.